அடிமண்ணின் மூன்றாவது விலை

அத்தியாயம் 11

பணத்தைக் கட்டுங்கள், இல்லாவிட்டால் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்பதை எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமோ, அவ்வளவு மரியாதையாகப் பராமரிப்பு இல்லத்துக்காரர்கள் போன வாரம் ஆர்லிஸிடம் சொல்லிவிட்டார்கள். சூடாகக் காபி கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். அந்தக் காபிக்கு மட்டும்தான் பில் போடவில்லை.

உள்ளே படுத்திருப்பது அவள் கணவன் டுவேன். பக்கவாதம் வந்ததில் வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை.

மாவட்ட உதவி அலுவலகத்திலும் கேட்டுப் பார்த்தாயிற்று. "மண்ணுக்கு அடியில உங்க பேர்ல சொத்து இருக்கே அம்மா! அதை வித்துச் சாப்பிட்டுட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்" என்றுவிட்டார்கள்.

இருக்கத்தான் செய்தது. அப்பா செல்மர் ஹாக்லண்ட் கண்ணை மூடுவதற்கு முன்பே, மேல்மண்ணைத் தம்பி லோவெல் விலை கொடுத்து வாங்கிவிட்டான். உழுவதும் விதைப்பதும் அவன் பாடு. அடிமண்ணை அப்பா விற்கவில்லை. அதிலிருக்கும் எண்ணெயும் வாயுவும் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஆளுக்குப் பாதி. அந்த மனிதர் லெஃப்சா ரொட்டியைக்கூடக் கத்தி வைத்து, கண்ணை இடுக்கிப் பார்த்து, சரிபாதியாக வெட்டித்தான் இருவர் தட்டிலும் போடுவார்.

நிலத்தில் ஒரே ஒரு கிணறு ஓடுகிறது. நிலம் யாருடையதோ அவர் பெயரைக் கிணற்றுக்கு வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். வேலியில் பலகை தொங்கும்: செல்மர் ஹாக்லண்ட் ஒன்று. ஆரம்பத்தில் அதிலிருந்து வந்த பங்குத் தொகையை நம்பாமல் ஆர்லிஸ் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள். இப்போது வருவது மளிகைக் கடையில் ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் வண்டி நிறைவதற்குள் தீர்ந்துபோகிறது.

லோவெல் தன் பாதியை ஏப்ரலிலேயே விற்றுவிட்டான். ஓக்லஹோமாவிலிருந்து அடிமண் வாங்க வந்த கோல் மாபரி என்பவனுக்கு. இன்றைக்குப் பிற்பகல் மூன்று மணிக்கு அதே மாபரி, ஊர் நடுவில் இருக்கும் பெவ்வின் காபிக் கடையில் ஆர்லிஸுக்காகக் காத்திருப்பான்.

காலையில் டுவேனுக்கு ஓட்ஸ் கஞ்சி ஊட்டும்போது சொன்னாள்.

"இன்னிக்கு அந்த எண்ணெய்க்காரனைப் பாக்கப் போறேன். வித்துடட்டுமா?"

"சரி" என்றான் டுவேன்.

"விக்காம வெச்சுக்கட்டுமா?"

"சரி."

"முப்பத்தெட்டு வருஷமா உன் வாயிலிருந்து இதை வரவழைக்கப் பாடுபட்டேன். இப்ப வந்து அள்ளிக் கொடுக்கறே!"

அவன் இடது பக்கத்து உதடு மட்டும் சிரித்தது. அவள் அதைத் துடைத்துவிட்டுக் கிளம்பினாள்.

*

வயலோரமாகக் காரை ஓட்டி வந்தவள், சட்டென்று பிரேக்கை மிதித்தாள்.

அறுத்து முடித்த கோதுமைத் தாளுக்கு நடுவே வரிசையாக முளைக்குச்சிகள். ஒவ்வொன்றின் தலையிலும் ரோஸ் நிற ரிப்பன். நவம்பர் காற்றில் அவை படபடத்துக்கொண்டிருந்தன. ஒரு குச்சி, இரண்டு குச்சி இல்லை. ஒரு வீட்டுக்கு மனை போட்டது போல, ஒரு ஊருக்கே மனை போட்டது போல, கிணற்றுப் பலகையிலிருந்து கிழக்கு வேலி வரைக்கும்.

லோவெல் கொட்டகையில் இருந்தான். அப்பாவின் பழைய சிவப்பு டிராக்டருக்குக் கீழே மல்லாந்து படுத்திருந்தான். பூட்ஸ் மட்டும்தான் வெளியே தெரிந்தது. ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் என்ற பேச்சை எடுத்தவர்கள் எல்லாம் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"இன்னும் ஓடுதா இது?" என்றாள்.

"கட்டைக் கியர்ல போட்டா ஓடும்."

அந்தக் கட்டைக் கியர் அவளுக்குத் தெரியும். பனிக்காலத்தில் அப்பா அந்தக் கியரைப் போட்டுவிட்டு வண்டியிலிருந்து இறங்கிவிடுவார். கூரையில்லாத அந்த டிராக்டர் ஆளில்லாமல் ஆமை மாதிரி ஊர்ந்துகொண்டே போகும். அப்பா கூடவே நடந்து, பின்னால் இருக்கும் வைக்கோலை மாடுகளுக்குத் தள்ளிக்கொண்டு வருவார். வேலி வந்ததும் ஏறி உட்கார்ந்து திருப்புவார்.

"வயல்ல குச்சி நட்டிருக்கே, லோவெல்."

பூட்ஸ் அசையவில்லை. "அளக்கறவன் எதையாவது அளந்துக்கிட்டே இருப்பான்."

ஆர்லிஸுக்கு அறுபத்தொரு வயது. இந்தத் தம்பியிடம் எந்தக் கேள்வியையும் அவள் இரண்டாம் தடவை கேட்டது கிடையாது. அவனும் கேட்டது கிடையாது. அதைத்தான் அந்தக் குடும்பத்தில் பாசம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

லோவெல் ஊர்ந்து வெளியே வந்தான். முகத்தில் கிரீஸ். தொப்பியைச் சரிசெய்துகொண்டான். பார்வை அவள் தோளுக்கு மேலே எங்கேயோ போயிற்று.

"நானும் கூட வர்றேன் கடைக்கு."

"எதுக்கு? உனக்குத்தான் வேலை இருக்கே."

"சும்மாதான்." ஒரு துணியில் விரல் விரலாகத் துடைத்தான். "அந்த ஆள் சொல்ற விலையை ஒத்துக்கோ அக்கா. நல்ல விலைதான். எனக்குக் கொடுத்ததையேதான் உனக்கும் தரப்போறான். பேரம் கீரம்னு இறங்காதே, அசிங்கம்."

"எனக்குப் பேரம் பேச வருமாடா? ஆஸ்பத்திரியில மயக்க ஊசி போட வந்தவன்கிட்டயே 'உங்களுக்கு எதுக்கு சிரமம்'னு சொன்னவ நான்."

அவன் சிரிக்கவில்லை.

"அப்பா சமமாப் பிரிச்சார். சமமாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றான்.

என்ன விலைக்கு விற்றாய் என்று அவள் அப்போது கேட்டிருக்கலாம். ஏப்ரலிலிருந்து எப்போது வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த ஊரில் ஒருத்தனிடம் எண்ணெய்க்காரன் என்ன கொடுத்தான் என்று கேட்பதும், உள்ளாடை என்ன நிறம் என்று கேட்பதும் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபிக்கு உட்காரும் நூறு பேரில், அடிமண்ணை விற்றவர்கள் பாதிப் பேர். யாருக்கும் யார் விலையும் தெரியாது. மழையைப் பற்றிப் பேசுவார்கள். மழை இல்லையென்றால், மழை இல்லாததைப் பற்றிப் பேசுவார்கள்.

சந்தையில் பிறந்து வளர்ந்தவன் இப்படி ஓர் ஊரைக் கண்டால் முதலில் சிரிப்பான். அப்புறம் அங்கேயே ஒரு வீடு பிடித்துத் தங்கிவிடுவான். மாபரி இங்கே ஒரு விடுதியில் அறையெடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

*

காபிக் கடையில் கூட்டமில்லை. மூலை மேசையில் மாபரி எழுந்து நின்றான். நல்ல உயரம், பளபளக்கும் பூட்ஸ். எண்ணெய் வயலில் எண்ணெய் படாத பூட்ஸ் அவனுடையது ஒன்றுதான்.

"வாங்கம்மா, வாங்க. லோவெல், வாங்க சார். குளிர் கொல்லுது. எங்க ஊர்ல இந்தக் குளிர் வந்தா ஸ்கூலையே மூடிடுவாங்க."

அக்காவும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பெவ் காபிக் கெண்டியோடு வந்தாள். அவளுக்கும் ஆர்லிஸுக்கும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு.

"கேரமல் ரோல் இப்பத்தான் இறக்கினேன். வைக்கட்டுமா?"

"ஐயோ, வேண்டாம் பெவ்."

"பாதி?"

"வேண்டவே வேண்டாம். வீணாப் போயிடும்."

"உன் பேரைச் சொல்லித்தான் எடுத்து வெச்சேன்."

"சரி, நீ இவ்வளவு சொல்றே. துளியூண்டு."

தட்டில் முழு ரோல் வந்தது. அந்த ஊரில் இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாவது தடவைதான் வாங்கிக்கொள்வார்கள். முதல் தடவையே கை நீட்டினால் வளர்ப்பு சரியில்லை என்று அர்த்தம். மூன்றாவது தடவை கேட்காமல் போனால், கேட்டவர் வளர்ப்பு சரியில்லை.

மாபரியோ பெவ் கேட்ட உடனே இரண்டு ரோல் வாங்கிக்கொண்டான். அவன் ஊரில் அப்படி.

"நேரா விஷயத்துக்கு வர்றேன்ம்மா" என்றான். "உங்க பங்கு நூத்தறுபது ஏக்கர். பழைய கிணறு ஒண்ணு, அதுவும் மூச்சு வாங்குது. எங்க கம்பெனி ஏக்கருக்கு ஆயிரம் டாலர் தரும். லோவெல் சாருக்குச் செஞ்ச அதே மரியாதை. பத்திரம் தயார். கையெழுத்துப் போட்டீங்கன்னா பணம் இந்த வாரமே வங்கிக்கு வந்துடும்."

ஒரு லட்சத்து அறுபதாயிரம். டுவேனுக்கு ஒன்றரை வருஷம் படுக்கை. ஆர்லிஸ் மனசுக்குள் தலையாட்டிவிட்டாள். வெளியே வாய் தன் பழக்கத்துக்குப் போயிற்று.

"இருக்கட்டுங்க. அதெல்லாம் எதுக்கு?"

மாபரி மெல்லுவதை நிறுத்தினான். அவளையே பார்த்தான். அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. ஏதாவது பேச வேண்டுமே என்று, உள்ளதைச் சொன்னாள்.

"காலையில வயல் பக்கமாத்தான் வந்தேன். ரிப்பன் எல்லாம் அழகா இருந்தது."

லோவெலின் கோப்பை தட்டில் 'டங்' என்று இடித்தது.

"ஓ!" மாபரி பின்னால் சாய்ந்தான். மெதுவாகச் சிரித்தான். "பாத்துட்டீங்க. சரி, இனி ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. இரண்டாயிரத்து ஐநூறு."

ஒரு நொடியில் இரண்டரை மடங்கு. தன் காதில் ஏதோ கோளாறு என்றுதான் ஆர்லிஸ் நினைத்தாள். பதட்டத்தில் இன்னும் மரியாதை கூடிவிட்டது.

"ஐயோ, வேண்டாங்க. அவ்வளவெல்லாம் வேண்டாம்."

"அம்மா, இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்." மாபரியின் குரலில் உண்மையான மதிப்பு இருந்தது. "உங்களை மாதிரி முகத்துல ஒண்ணும் காட்டாத ஆளைப் பாத்ததில்ல. சரி, கடைசி. நாலாயிரம். புதுசா நாலு கிணறு தோண்டப் போறாங்க, அனுமதி வந்தாச்சு, உங்களுக்குத் தெரியாததா? இதுக்கு மேல எனக்கே கட்டுப்படியாகாது."

மூன்றாவது தடவை கேட்டாயிற்று. இனி 'சரி, நீங்க இவ்வளவு சொல்றீங்க' என்றால் முடிந்தது.

அவள் வாயைத் திறந்தாள். அப்போதுதான் பக்கத்தில் பார்த்தாள்.

லோவெல் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தான். வெயில் படாத நெற்றி வெள்ளையாக, குழந்தை நெற்றி மாதிரி இருந்தது. அதற்குக் கீழே முகம் முழுக்கச் சிவந்திருந்தது. ஒவ்வொரு விலைக்கும் ஓர் அறை வாங்கியவன் போல உட்கார்ந்திருந்தான்.

பேரம் கீரம்னு இறங்காதே. சமமாவே இருந்துட்டுப் போகட்டும்.

கொட்டகையில் அவன் சொன்னதன் அர்த்தம் அவளுக்கு இப்போது புரிந்தது. குச்சிகளை அவன் என்றைக்கோ பார்த்துவிட்டான். தான் ஏமாந்தது அவனுக்குத் தெரியும். அதைத் தாங்கிக்கொண்டான். அக்காவும் அதே விலைக்கு விற்றுவிட்டால் அது ஏமாற்றமே இல்லை, அதுதான் விலை. அவள் கூடுதலாக வாங்கிவிட்டால் அவன்தான் ஏமாளி, அவன் ஒருத்தன் மட்டும்.

கோபம் வந்திருக்க வேண்டும். டுவேனின் படுக்கையை இவன் கால்விலைக்குப் போக விட்டிருப்பான். கோபம் வந்தது. ஆனால் அந்த வெள்ளை நெற்றியைத் தாண்டி அதனால் வர முடியவில்லை.

அந்த ஊரில் யாரும் கேட்காத கேள்வியை அவள் கேட்டாள்.

"லோவெல், உனக்கு எவ்வளவுடா கொடுத்தாங்க? ஆயிரம்தானா?"

பெவ் கெண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விதைக்கற மிஷின் உடைஞ்சு கிடந்தது" என்றான் லோவெல், மேசையைப் பார்த்து. "இவர் வயலுக்கே வந்தார். ஒரு தடவைதான் கேட்டார். எனக்கு... வங்கியில கடனை ரெண்டாவது தடவை கேட்டுட்டிருந்தாங்க."

ஆர்லிஸ் மாபரியிடம் திரும்பினாள். "இவனுக்கும் நாலாயிரமாப் போட்டுக் கொடுங்க. நான் இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"அம்மா, அது ஏப்ரல்லயே பதிவாயிடுச்சு. வித்த மாட்டைக் காட்டி இன்னிக்குப் பால் கேக்கறீங்களே!"

"அப்படின்னா எனக்கு வர்றதுல கூடுதல் இருக்கு பாருங்க, அதுல பாதியை இவன் பேர்ல எழுதுங்க. எங்கப்பா சமமாத்தான் பிரிச்சார்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். சத்தமாகச் சொன்னாள். வெளியூர்க்காரன் முன்னால், பெவ்வின் முன்னால், சூப் குடித்துக்கொண்டிருந்த இரண்டு லாரி டிரைவர்கள் முன்னால் சொன்னாள். அவள் செய்த தப்பு அதுதான். ஏமாந்தவன் என்ற பெயரோடு லோவெல் எப்படியோ வாழ்ந்திருப்பான். அக்கா பிச்சை போட்டாள் என்ற பெயரோடு அந்த ஊரில் ஒரு ஹாக்லண்ட் எப்படி வாழ்வான்?

"போதும், அக்கா."

லோவெல் எழுந்தான். பணப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேசையில் வைத்து, கிரீஸ் கறை போகாத விரலால் மடிப்பை நீவினான்.

"இவர் காபிக்கும் சேத்து எடுத்துக்கோ, பெவ்."

பிறகு ஆர்லிஸைப் பார்த்தான். காலையிலிருந்து முதல் தடவையாக நேராகப் பார்த்தான். குரல் ரொம்ப மெதுவாக, ரொம்ப அன்பாக இருந்தது. அதுதான் அவளைப் பிற்பாடு பயமுறுத்தியது.

"நீ கையெழுத்துப் போட்டுடு. டுவேனுக்கு வேணும். நான் சொன்னதை மனசுல வெச்சுக்காதே."

கதவு மணி அடித்து ஓய்ந்தது. வெளியே அவன் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

மாபரி பத்திரத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினான். பேனாவின் மூடியைக் கழற்றி வைத்தான். அவன் கெட்டவன் இல்லை. மலிவாகக் கிடைக்கிற இடத்தில் வாங்கினான், கிடைக்காத இடத்தில் ஏற்றிக் கொடுத்தான். வியாபாரி.

"குடும்ப விஷயம், எனக்கு வருத்தமாத்தான் இருக்கு. ஆனா நாலாயிரம் இன்னிக்குத்தான்ம்மா. ராத்திரி நான் ஊருக்குக் கிளம்பறேன். பொழுது இறங்கற வரைக்கும் இந்த மேசையிலதான் இருப்பேன். அப்புறம் வேற ஆளை அனுப்புவாங்க, வேற விலை சொல்லுவாங்க."

ஆர்லிஸ் பேனாவை எடுத்தாள். பேனா முனை காகிதத்தில் படப்போன நேரத்தில் பெவ் தட்டை எடுக்கக் குனிந்தாள்.

"ஆர்லிஸ்" என்றாள், தாழ்ந்த குரலில். "லோவெல் தொப்பியை விட்டுட்டுப் போயிட்டான்."

ரோலுக்குப் பக்கத்தில் அது கிடந்தது. விளிம்பு நைந்த, விதைக் கம்பெனி தொப்பி. தூங்கும்போதும் தேவாலயத்திலும் தவிர வேறெங்கும் அவன் தலையை விட்டு இறங்காதது. வெளியே பனி தூற ஆரம்பித்திருந்தது.

அவள் பேனாவை வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டாள்.

"அம்மா!" என்றான் மாபரி. "பொழுது இறங்கற வரைக்கும்தான்!"

*

மேற்கே எண்ணெய்க் கிணறுகளில் எரியவிடும் வாயுச் சுடர்கள் ஒவ்வொன்றாகத் துலங்க ஆரம்பித்துவிட்டன. வெளிச்சம் குறையக் குறைய அவை பெரிதாகும். நவம்பரில் அங்கே சாயங்காலம் என்று ஒன்று கிடையாது. பகல் இருக்கும், அப்புறம் இருக்காது.

காரை ஓட்டிக்கொண்டே ஆர்லிஸ் கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் ஊரின் விளக்குகள். அங்கே மூலை மேசையில் ஒரு பேனா திறந்து கிடக்கிறது. லோவெலைப் பார்த்து, தொப்பியைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் போய்விடலாம். நேரம் இருக்கிறது. கொஞ்சம் இருக்கிறது.

வயல் திருப்பத்திலேயே டிராக்டரின் விளக்கு தெரிந்தது.

அப்பாவின் சிவப்பு டிராக்டர் கிணற்றுப் பலகையிலிருந்து கிழக்கே ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னால் கலப்பைத் தட்டுகள். முளைக்குச்சிகள் ஒவ்வொன்றாக அதன் அடியில் சாய்ந்தன. ரிப்பன்கள் தட்டில் சுற்றிக்கொண்டு துடித்தன.

அவளுக்கு மூச்சு வந்தது. சிரிப்பே வந்துவிட்டது. உழுடா, நல்லா உழு! நாளைக்குக் கம்பெனிக்காரன் வழக்குப் போடுவான், ஷெரீஃப் வருவார், ஊர் முழுக்கப் பேசும். பேசட்டும். ஆத்திரப்படுகிறவன் உயிரோடு இருக்கிறவன். இவள் பயந்தது வேறு எதற்கோ.

காரை நிறுத்திவிட்டு, தொப்பியோடு இறங்கிக் கிழக்கு வேலியோரம் நின்றாள். வேலிக்கு வந்ததும் திருப்புவான், அப்போது கொடுக்கலாம்.

டிராக்டர் திருப்பவில்லை.

கம்பி இழுபட்டு முறுக்கிக்கொண்டது, ஒரு கம்பம் முறிந்தது. வேலியை இழுத்துக்கொண்டு அந்த வண்டி அதே ஆமை நடையில் பாதைக்கு ஏறி, அவள் காரின் விளக்கு வெளிச்சத்தைக் குறுக்காகக் கடந்தது. இருக்கையில் பனி படிந்திருந்தது. கட்டைக் கியர்.

அப்பா இறங்கிக் கூடவே நடப்பார். அவள் வண்டியின் இந்தப் பக்கம் பார்த்தாள். குனிந்து அந்தப் பக்கம் பார்த்தாள். யாரும் நடந்து வரவில்லை. வயலில் உழுத கோடு மட்டும் பின்னோக்கி, இருட்டுக்குள், பலகை இருக்கும் இடம் வரைக்கும் நீண்டு கிடந்தது.

மேற்கே பொழுது இறங்கிவிட்டது.

ஹாக்லண்ட் குடும்பத்தில் யாரும் யாரையும் குரல் உயர்த்திக் கூப்பிட்டது கிடையாது. ஆர்லிஸ் கூப்பிட்டாள்.

"லோவெல்!"

அவள் தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உழுத கோட்டில் இறங்கினாள். ஒரு கேள்வியை இரண்டாம் தடவை கேட்டறியாதவள், இரண்டாம் தடவையும் கூப்பிட்டாள். மூன்றாம் தடவையும் கூப்பிட்டுவிட்டு, பதிலுக்காக நின்றாள்.